சாவுக்கு முன்னால் திரித்த பிரி

ஸ்ரீராம்புரத்தில் சீனுவைத் தேடி நல்ல செய்தியோடு யாரும் வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள் அவர் மனைவி மரகதத்தின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சீனுதான் வேண்டும் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால், பக்கத்துச் சந்தில் எங்கோ அழுகை தொடங்கிவிட்டது என்று பொருள். பாடை கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூங்கிலை வெட்டுவதும் ஓலையை முடைவதும் யாருக்கும் வரும். வைக்கோலை நனைத்துக் கயிறாகத் திரிக்கிறார்களே, பிரி என்று பெயர், அதில்தான் சங்கதி இருக்கிறது. கதிர்க் கட்டுக் கட்டுகிற சாதாரணப் பிரியை வலப்பக்கமாக முறுக்குவார்கள். பாடைக்கென்றால் எல்லாமே தலைகீழ், இடப்பக்கமாக முறுக்க வேண்டும். பழகாத கை திரித்தால் சுடுகாட்டுக்குப் பாதி வழி போவதற்குள் அவிழ்ந்துவிடும். அப்புறம் சுமக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சீனு இதற்குக் காசு வாங்கியதில்லை. சாவு வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்ததோடு சரி. ஆனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மூச்சு அடங்கிய பிறகுதான் வைக்கோலில் கை வைப்பார். ஒருமுறை மரக்கடைக்காரர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தபோது, பிள்ளைகள் எல்லாவற்றையும் தயாராக வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். சீனு போனார், பார்த்தார், திரும்பி நடந்தார்.

"உங்கப்பாவுக்கு இன்னும் மூச்சு ஓடுதுப்பா. இப்ப நான் பிரி திரிச்சா, அந்த மூச்ச நிறுத்துனது நானுன்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தார்.

திரித்த பிரி சும்மா கிடக்காது, அது ஆளைத் தேடும், வெளியில் ஆள் அகப்படாவிட்டால் திரித்தவன் வீட்டுக்கே வந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஈரக் கையால் ஸ்விட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நமக்குத் தெரிகிற மாதிரி அவருக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

மற்றபடி அவர் ரொம்பச் சாதாரணமான மனிதர். இளவயதில் ஆரணிப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். மில் படுத்துவிட்டதும், வசந்தநகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். குரோட்டன்ஸ் வெட்டுவது, புல்லுக்குத் தண்ணீர் விடுவது, பன்னீர்ப் பூவைக் கூட்டித் தள்ளுவது என்று காலம் ஓடியது. ஊருக்கு வெளியே கார் தொழிற்சாலை கட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கட்டடத்தில் ஜப்பான்காரக் குடும்பங்கள் சில குடிவந்தன.

சீனுவுக்கும் மரகதத்துக்கும் ஒரே பிள்ளை வனஜா. ஓசூர் ரோட்டில் ஊருக்கு வெளியே இருக்கும் ஹெப்பகோடியில், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அருண்குமாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முதலில் தரித்த கரு ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அந்த அழுகை ஓய ஒரு வருடம் பிடித்தது. இப்போது மறுபடி எட்டாம் மாதம். மரகதம் போய்க் கையோடு அழைத்துவந்துவிட்டாள். பிரசவ ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா, "நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கு, ஜாக்கிரதையா இருக்கணும். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே இங்க வந்துடணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் உண்டான செய்தி வந்த ஆடியிலேயே சீனு தெருவில் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு பெத்து எழுந்திரிக்கற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க சாமி. வேற யாரையாச்சும் வெச்சுப் பாத்துக்குங்க." தெருவும் அவரை விட்டுவிட்டது. அதிலிருந்து அவர் கை வைக்கோலைத் தொடவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் முடிகிற டிசம்பர். இரண்டாம் மாடியில் இருந்த கியோகோ என்கிற அம்மாள், கிறிஸ்துமஸ் கழிந்து ஓரிரு நாளில் தோட்டத்துப் புல்தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். வணக்கம் சொல்ல இடுப்பு வரை குனிகிறவர், தோட்டக்காரருக்கும் அதே குனிவுதான். முதல் தடவை அப்படிக் குனிந்தபோது சீனு, தமக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் போலும் என்று திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார். இப்போது அந்த அம்மாள் எதிரில் ஒரு கட்டு வைக்கோல் கிடந்தது. கம்பெனி கார் ஓட்டுகிற டொமினிக் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஹெப்பகோடிக் களத்திலிருந்து வாங்கிய வைக்கோலில் மீந்ததை, அம்மா கேட்டார் என்று டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"இன்னா டொமினிக், மாடு வாங்கப் போறாங்களா?" என்று கேட்டார் சீனு.

"மாடு இல்லண்ணா. அவங்க ஊர்ல நியூ இயருக்கு வாசப்படி மேல வைக்கோல் கயிறு கட்டுவாங்களாம். நல்ல சாமி அதைப் பாத்து உள்ள வருமாம், கெட்டது வெளியிலயே நின்னுடுமாம். நம்ம ஜனங்க எலுமிச்சம்பழம் மிளகா கட்றதில்ல, அந்த மாதிரி. போன வருஷம் கிடைக்காம ரொம்ப பேஜாராயிட்டாங்க."

கியோகோ ஒரு பிடி வைக்கோலைக் கொய்யா மரத்தில் கட்டி முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்க முறுக்க அது அவிழ்ந்தது. மறுபடி முறுக்கினார், மறுபடி அவிழ்ந்தது. பக்கத்தில் ஒரு புகைப்படம் கிடந்தது. அவருடைய ஊர் வீட்டு வாசல் போலிருக்கிறது, தடித்த கயிறு தொங்க, அதில் வெள்ளைக் காகிதம் மடித்துச் செருகியிருந்தது. சீனு செடி வெட்டுகிற கத்தரியோடு நின்று பார்த்தார். உலர்ந்த வைக்கோலை இப்படிப் போட்டுக் கசக்குகிறாரே என்று அவருக்குத் தாளவில்லை.

"தண்ணி தெளிக்காம திரிச்சா எப்படி நிக்கும்?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

பூவாளியிலிருந்து தண்ணீர் தெளித்தார். காலால் மிதித்துப் பதமாக்கினார். ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இரண்டு புரியாகப் பிரித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே விட்டு உருட்டினார். மாதக்கணக்கில் சும்மா இருந்த கை. அவருக்கு யோசனையே ஓடவில்லை, கை மட்டும் ஓடியது. வழவழவென்று, ஒரு பிசிறில்லாமல், கொய்யா மரத்தடியில் பிரி வளர்ந்துகொண்டே போயிற்று.

கியோகோ கைதட்டினார். குழந்தை மாதிரிக் குதித்து டொமினிக்கிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"அண்ணா, செம குஷி அவங்களுக்கு! ரைட்ல திரிச்சா அது சாதாக் கயிறாம். லெஃப்ட்ல திரிச்சாத்தான் சாமிக் கயிறாம். அந்த லெஃப்ட்தான் அவங்களுக்கு வரவே இல்லியாம். நீங்க எங்கண்ணா கத்துக்கினீங்க?"

சீனு கையைப் பார்த்தார். கையிலிருந்து காலுக்குப் போகும் பிரியைப் பார்த்தார். இடமுறுக்கு.  ஊரில் யாரும் சாகவில்லை. யாரும் வந்து கூப்பிடவில்லை. பட்டப்பகலில், பூச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு முழுப் பாடைக்குப் போதுமான பிரியைத் திரித்து வைத்திருக்கிறார்.

"அதைக் கொடுக்கச் சொல்லு டொமினிக். வேற மாதிரி திரிச்சுத் தரேன்" என்றார். 

கியோகோ கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு தலையாட்டினார். வேறு வேண்டாமாம். இதைவிட நல்லது அவருடைய ஊரிலேயே கிடைக்காதாம். சரி, கட்டுவதையாவது தள்ளிப்போடலாம் என்று சீனு முயன்றார். அதற்குள் எங்காவது ஒரு கிழம் நிறைவயதில் போய்ச் சேர்ந்துவிடாதா என்று மனம் கணக்குப் போட்டது. அந்த நினைப்புக்காக உடனே தன்னையே திட்டிக்கொண்டார்.

"நியூ இயருக்குத்தானே? முந்தின நாள் கட்டிக்கலாம்னு சொல்லு."

டொமினிக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அது கூடாதாம்ணா. முந்தின நாள் அவசர அவசரமா கட்றது அவங்க ஊர்ல சாவு வீட்டுக்குத்தானாம். நல்லதுக்கு முன்கூட்டியே ரெடி பண்ணி வெக்கணுமாம்."

சீனு நினைத்துப் பார்த்தார். இங்கே முன்கூட்டிச் செய்தால் சாவு, அங்கே முன்கூட்டிச் செய்யாவிட்டால் சாவு. அந்த அம்மாளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தன் வீட்டுக்கு நல்லது வர வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததைச் செய்துகொடுக்க நாமேதான் வலியப் போய் உட்கார்ந்தோம். அன்று மாலையே இரண்டாம் மாடிக் கதவின் மேல் அந்தப் பிரி ஏறிவிட்டது. சீனுவே பறித்துக்கொடுத்த பெரணி இலையும், மார்க்கெட்டில் வாங்கிய நார்த்தங்காயும் நடுவில் தொங்கின. அந்தப் படியேறித் தண்ணீர்க் குழாய் பார்க்க வேண்டிய வேலையை அவர் காவலாளியிடம் தள்ளிவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் வனஜா எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தாள். வயிறு முன்னால் வர, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்பாவின் சட்டைத் தோளிலிருந்து எதையோ விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு வைக்கோல் துணுக்கு.

"யாருப்பா செத்தது?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் வளர்ந்த பெண் வேறு எதைக் கேட்பாள்? சீனு டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரும் இல்லம்மா. பாத்தி மேல மூடறதுக்கு வைக்கோல் வந்துது" என்றார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மகள் சோற்றைப் பிசைவதையும், நடுவில் நிறுத்தி வயிற்றைத் தடவிக்கொள்வதையும் பார்த்தபடி இருந்தார். திரித்தவன் வீட்டுக்கே வரும் என்ற நினைப்பு விட்டுத் தொலைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். இல்லை, நான்கு பேர்.

மறுநாள் இதைவிட மோசம். கியோகோ இறங்கிவந்து இரண்டு கையாலும் ஒரு சின்ன வளையத்தை நீட்டினார். மீந்த பிரியை வளைத்து, வெள்ளைக் காகிதம் செருகிச் செய்தது.

"உங்க பொண்ணு மாசமா இருக்கறத நான்தாண்ணா சொன்னேன். பிரசவம் நல்லபடியா ஆகட்டும்னு பொண்ணு பேரைச் சொல்லிக் கட்டினாங்களாம். வீட்டு வாசல்ல மாட்டணுமாம்" என்றார் டொமினிக். அவருக்கு ஒரே சந்தோஷம்.

சீனுவால் மறுக்க முடியவில்லை. இவ்வளவு குனிந்து கொடுக்கிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக் கண்ணில் ஒற்றுவது போலப் பாவனை செய்தார். பம்ப் ரூமுக்குப் பின்னால் போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையால் திரித்த சாவுப் பிரி, அதில் தன் மகளின் பேர். அவிழ்த்துவிடலாமா, கொளுத்திவிடலாமா என்று பார்த்தார். திரிப்பதற்கு முறை இருந்ததே தவிர, திரித்ததை இல்லாமல் ஆக்குவதற்கு எந்த முறையும் அவருக்குத் தெரியாது. வளையத்தை ஒரு பழைய தொட்டிக்கடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

ஒரே வழிதான் அவருக்குத் தோன்றிற்று. பிரி தன் வீட்டைத் தேடி வரட்டும், வந்தால் கிழட்டுக் கட்டை நாம் இருக்கிறோம், எடுத்துக்கொண்டு போகட்டும். வனஜா அங்கே இருக்கக் கூடாது. கல்யாணம் கட்டிக்கொடுத்த பிறகு அவள் அருண்குமார் வீட்டு ஆள்தானே? அந்த வீட்டுக் கூரைக்கடியில் போய்விட்டால் இது அவளைத் தொடாது.

உண்மையைச் சொன்னால் மரகதம் வாயில் போட்டு அரைத்துவிடுவாள். அதனால் பொய் சொன்னார்.

"பின் சந்துல ரெண்டு வீட்ல அம்மை போட்டிருக்குதாம். மாசமா இருக்கறவளுக்கு ஆவாது. நாளைக்கே ஹெப்பகோடிக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"இன்னாங்க சொல்றீங்க? டாக்டரம்மா இன்னா சொல்லியிருக்காங்க? இந்த நேரத்துல பஸ்ஸுல வெச்சு இழுத்துக்கினு போவாங்களா?" என்று மரகதம் சண்டைக்கு வந்தாள்.

"பத்து நாள்தான்டி. அம்மை இறங்கினதும் கூட்டியாந்துடறேன்."

அம்மை என்றதும் மரகதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரியம்மன் விஷயம். அரை மனதோடு துணிகளை மடித்துக் கொடுத்தாள்.

வனஜா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் பஸ் ஏறி முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓசூர் ரோடு அந்த நாளில் இருந்த இருப்பு உலகறிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கண்ணை மூடி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சீனு ஓட்டுநரிடம் இரண்டு தடவை போய், "மெதுவா போப்பா, புள்ளத்தாச்சி" என்று கெஞ்சினார். வண்டி ஹெப்பகோடியை நெருங்க நெருங்க அவருக்கு மூச்சு லேசாகியது. சம்பந்தி வீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டுத் திரும்பும்போது, பிரி திரித்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது. கடையில் நிறுத்தி நாலு இட்லி சாப்பிட்டார்.

புத்தாண்டன்று மதியம் வீட்டுக்கார லட்சுமம்மாவின் வீட்டுக்குப் போன் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே வனஜாவுக்கு ரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து நர்சிங் ஹோமில் புத்தாண்டு என்று டாக்டர் இல்லை. இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனால், இங்கே ரத்தம் கிடையாது, சிட்டிக்குப் போங்கள் என்றுவிட்டார்கள். அருண்குமார் தெருத்தெருவாக ஓடி ஒரு டெம்போவைப் பிடித்து, பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, அதே ஓசூர் ரோட்டில் அதே பள்ளங்கள் மேல் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தான். சீனுவும் மரகதமும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. ரத்தம் ஏற்றி வனஜாவைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆண் குழந்தை. தலை நிறைய முடி. முழுசாக, ஒரு குறையுமில்லாமல் இருந்தது, மூச்சு மட்டும் இல்லை.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு உயிரையும் பார்த்திருப்போம். இவ்வளவு தூரத்துல ஏன் வெச்சிருந்தீங்க?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். 

பச்சைக் குழந்தைக்குப் பாடை கிடையாது. மூங்கில் வேண்டாம், ஓலை வேண்டாம், பிரி வேண்டாம். துணியில் சுற்றிக் கையில் ஏந்திப் போவதுதான் வழக்கம். எத்தனையோ பேரை வழியனுப்பக் கட்டிக்கொடுத்த மனிதர், பேரனுக்குக் கட்ட எதுவுமில்லாமல், இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தார். அருண்குமார் வாங்கப் பார்த்தான். அவர் கொடுக்கவில்லை. குழியில் இறக்கும்போதுதான் கை வலிப்பது தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதார்.

வனஜாவை ஸ்ரீராம்புரத்துக்கே கொண்டுவந்தார்கள். பார்க்க வந்த லட்சுமம்மாவிடம் மரகதம் தலையில் அடித்துக்கொண்டு புலம்பினாள். "பின் சந்துல அம்மை போடாம இருந்திருந்தா எம்பொண்ணு இங்கியே இருந்திருப்பாளே அக்கா!"

"அம்மையா? யார் மனேல? நான் தினமும் ஆ சந்துல தானே பால் வாங்கப் போறேன். யாருக்கும் ஏனும் இல்லியே மரகதம்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள் லட்சுமம்மா.

மரகதம் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் பின்னாலேயே போகவில்லை, கத்தவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தட்டில் சோறு போட்டு நகர்த்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் திட்டியிருந்தால் சீனுவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கேட்டது வனஜாதான். ஒரு சாயங்காலம் மரகதம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வனஜாவுக்குப் பால் கட்டி, அது வற்றட்டும் என்று மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். வீடு முழுக்க அந்த வாசனை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், வாசற்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எதுக்குப்பா என்னை அனுப்புனே?"

இனிப் பொய் சொல்ல அவரிடம் தெம்பில்லை. கொய்யா மரத்தடியில் உட்கார்ந்ததிலிருந்து தொட்டிக்கடியில் கவிழ்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஜப்பான் அம்மாள் அவள் பேரைச் சொல்லிக் கட்டியதையும் சொன்னார். பிரி வந்து தேடும்போது அவள் இந்த வீட்டில் இருந்துவிடக் கூடாது, அவளும் குழந்தையும் தப்பிக்க வேண்டும் என்றுதான் பயந்துபோய் அப்படிச் செய்ததாகச் சொல்லி, புறங்கையால் மூக்கைத் துடைத்தார்.

வனஜா முழுவதும் கேட்டாள். கோபப்படுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மார்பின் மேல் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஹெப்பகோடில இறங்கினதுலருந்து எனக்கு பயமாவே இருந்துச்சுப்பா. அதுக்கு முன்னாடி, உன் கூட இங்க இருந்தேனே, அதுவரைக்கும் எனக்கு பயமே இல்ல" என்றாள்.